எச்57-597 ஆன்டிபாடி: 9 வருடம் கூடவே வைத்திருந்த பிறகு

சுண்டெலியின் டி செல்களோடு (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) வேலை செய்கிறவர்கள் எப்போதாவது எச்57-597 என்ற இந்தக் குளோனை, அதாவது ஒரே செல் வழியில் வந்த ஆன்டிபாடியைத் தொட்டிருப்பார்கள். நான் 9 வருடமாக, வாரத்துக்கு இரண்டு தடவையாவது பயன்படுத்துகிறேன். எதற்கு என்று ஒரே வரியில் சொன்னால், செல்லின் மேற்பரப்பில் டி செல் ஏற்பியின் (அந்நியப் பொருளை அடையாளம் காணும் புரதம்; பெரும்பாலும் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு சங்கிலிகள்) பீட்டா சங்கிலி இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று பார்க்க. இத்தனை வருடத்தில் இது என்னை ஏமாற்றியதாக நினைவில்லை. ஆனால் இது காட்டுவதை நான் தப்பாகப் படித்த நாட்கள் உண்டு. மரபணு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளாமல் படித்ததுதான் ஒவ்வொரு தடவையும் காரணம்.

1989-இல் வெளிவந்த ஆன்டிபாடி இது. ஆர்மேனிய ஹாம்ஸ்டரில் உருவாக்கியது. சுண்டெலியின் பீட்டா மரபணுத் தொகுதி 6-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. 35 வி (V) மரபணுத் துண்டுகள். அவற்றில் 22 வேலை செய்பவை. ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பின்னால் டி (D), ஜே (J), சி (C) என்று இரண்டு கொத்துகள்; இந்த டி, டி செல்லின் டி (T) அல்ல. ஒவ்வொரு செல்லும் ஒரு வி, ஒரு டி, ஒரு ஜே எடுத்து ஒட்டிக்கொள்கிறது. எந்த வி வந்தாலும் வால்பக்கம் சி1 அல்லது சி2-தான். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சில அமினோ அமிலங்களில் மட்டுமே வேறுபடும். எச்57 பிடிப்பது இந்த சி பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் எஃப்ஜி வளையத்தை. அதனால்தான் எந்த ஆல்ஃபா-பீட்டா டி செல்லும் இதற்குத் தப்புவதில்லை.

டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸின் செல்களில் இதைப் போட்டுப் பார்க்கும்போதுதான் இதன் அருமை தெரியும். சிடி4, சிடி8 என்ற மேற்பரப்புப் புரதங்கள் இரண்டும் இல்லாத இளம் செல்களில் சிக்னல் (ஆன்டிபாடியின் ஒளிர்வு) அடியிலேயே கிடக்கும். அங்கே பீட்டா சங்கிலி உருவானதும் ப்ரீ-டி-ஆல்ஃபா என்ற தற்காலிகத் துணையோடு சேர்ந்துகொள்கிறது. மேற்பரப்புக்கு வருவது மிகக் கொஞ்சம். அடுத்து சிடி4, சிடி8 இரண்டும் உள்ள செல்கள். ஆல்ஃபா மரபணு ஒட்டப்பட்டு முழு ஏற்பி வந்துவிட்டது, ஆனால் அளவு முதிர்ந்த செல்லில் பத்தில் ஒரு பங்குதான். தேர்வில் தேறி சிடி4 அல்லது சிடி8 ஒன்றை மட்டும் வைத்துக்கொண்ட செல்கள் ஒளிர்வு வரைபடத்தின் வலது ஓரத்தில் கூர்மையாக நிற்கும். ஒரே ஹிஸ்டோகிராமில் ஒரு செல்லின் வளர்ச்சிக் கதை முழுக்க வரிசையாகத் தெரிகிறது. இன்றைக்கும் அதைப் பார்க்கும்போது ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். கன்ட்ரோலுக்கு ராக் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் தைமஸை வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளை வெட்டி ஒட்டும் என்சைமே இல்லாததால் அங்கே பீட்டா சங்கிலி உருவாக வழியே இல்லை. அதைவிட நேர்மையான வெறுமை கிடைக்காது.

தொந்தரவுகளும் உண்டு. ஏற்பியோடு சேர்ந்திருக்கும் சிடி3 புரதத்துக்கான 145-2சி11 குளோனோடு ஒரே குழாயில் போட்டால் இரண்டும் இடித்துக்கொள்ளும். எஃப்ஜி வளையத்துக்குப் பக்கத்திலேயே சிடி3-இன் எப்சிலான் சங்கிலி இருப்பதுதான் காரணம். காமா-டெல்ட்டா என்ற இன்னொரு வகை டி செல் ஏற்பிக்கான ஜிஎல்3 ஆன்டிபாடியும் ஹாம்ஸ்டரில் வந்ததே. அதனால் ஹாம்ஸ்டர் ஆன்டிபாடியைப் பிடித்து நிறம் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடியை நம்பி இரண்டையும் பிரிக்கப் பார்க்காதீர்கள், நேரடியாக நிறம் ஏற்றியதையே வாங்குங்கள். அப்புறம், இது ஏற்பியைப் பிடித்து இழுத்துச் செல்லைத் தூண்டவும் செய்யும். பிரித்தெடுத்த செல்களைப் பிறகு வளர்க்கப் போகிறீர்கள் என்றால் இதை வைத்துப் பிரிக்காமல் இருப்பது நல்லது. தூண்டிய செல்களில் சிக்னல் விழுந்தால் மரபணு அணைந்துவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். ஏற்பி உள்ளே போயிருக்கும். செல்லை நிலைப்படுத்தி, சவ்வில் துளை போட்டு மறுபடி சாயமேற்றினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

இதன் பெரிய எல்லை, எந்த வி என்று சொல்லாது என்பது. குறிப்பிட்ட ஒரு டி செல் ஏற்பியின் மரபணுக்களை வெளியிலிருந்து வைத்த ஓடி-1 சுண்டெலிகளில் இதை நன்றாக உணர்ந்தேன். அவற்றில் வெளியிலிருந்து வைத்த பீட்டா, சொந்த பீட்டா ஒட்டுவதைத் தடுத்துவிடுகிறது. ஆல்ஃபாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சொந்த ஆல்ஃபாவும் நுழைந்துவிடும். எச்57-இல் எல்லா டி செல்லும் பாசிட்டிவ் என்று பார்த்து நிம்மதியாக இருந்தேன். பிறகு, வெளியிலிருந்து வைத்த ஆல்ஃபாவைப் பிடிக்கும் வி-ஆல்ஃபா 2 ஆன்டிபாடியைப் போட்டபோது அது இல்லாத செல்கள் ஒரு மூலையில் கூட்டமாக நின்றன. சரி, அன்றிலிருந்து வி-ஆல்ஃபா 2, வி-பீட்டா 5 இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஓடி-1 செல்களை நான் எந்தச் சோதனையிலும் சேர்ப்பதில்லை.

பீட்டாவில் எந்த வி என்று காட்டும் வி-பீட்டா ஆன்டிபாடிகள் தனி உலகம். பால்ப்-சி (BALB/c) வகைச் சுண்டெலியின் மண்ணீரலில் வி-பீட்டா 5, வி-பீட்டா 11 இரண்டும் கிட்டத்தட்டக் காலியாக வந்தபோது குப்பி கெட்டுவிட்டதென்று நினைத்து இரண்டு நாள் வீணாக்கினேன். குப்பி நன்றாகத்தான் இருந்தது. மரபணுவும் அந்த எலியில் இருக்கிறது. மரபணுத்தொகுதிக்குள் குடியேறிய மார்பகக் கட்டி வைரஸின் சூப்பர் ஆன்டிஜென்களை (குறிப்பிட்ட வி-க்களை நேராகப் பிடிக்கும் புரதங்கள்) ஐ-இ மூலக்கூறு (டி செல்களுக்கு ஆன்டிஜெனைக் காட்டும் புரதம்) தைமஸில் காட்டுவதால், அந்த வி-க்களைத் தாங்கிய செல்கள் முதிரும் முன்பே அழிக்கப்படுகின்றன. சி57பிஎல்/6 வகைச் சுண்டெலியில் ஐ-இ இல்லை. அங்கே அதே குப்பி இரண்டையும் காட்டியது.

பெயர்க் குழப்பமும் என்னை நிறையப் படுத்தியிருக்கிறது. பழைய வி-பீட்டா 8.2, இன்றைய டிஆர்பிவி13-2 (டிஆர்பிவி: பீட்டாவின் வி துண்டு). பழைய வி-பீட்டா 13 இன்று டிஆர்பிவி14. வரிசைமுறைத் தரவில் 13 என்று பார்த்துவிட்டு வி-பீட்டா 13 ஆன்டிபாடியை எடுத்தால் முற்றிலும் வேறு செல்களைத்தான் பிடிப்பீர்கள். இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய ஒரு தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். வி-பீட்டா 14-க்கு எதிரே மட்டும் பென்சிலால் ஒரு அம்புக்குறி: டிஆர்பிவி31, சி2-க்கும் பின்னால் தலைகீழாக இருக்கும் ஒரே வி; சேர வேண்டுமானால் இடையிலுள்ள டிஎன்ஏ முழுக்கத் திரும்ப வேண்டும்.

ராட் வகை எலிகளுக்கு மாறுகிறவர்கள் எச்57-ஐ எடுத்துப் போகாதீர்கள், அது அங்கே ஒட்டாது. அதற்கு ஆர்73 இருக்கிறது. அதுவும் 1989-இல் வந்ததுதான், சுண்டெலியில் உருவாக்கியது. நான் அதைச் சில மாதங்களே பயன்படுத்தியிருக்கிறேன். சிக்னல் சுத்தமாக வருகிறது. சுண்டெலி ஆன்டிபாடி என்பதால் கூடவே போடும் மற்ற சுண்டெலி ஆன்டிபாடிகளின் இரண்டாம் சாயத்தை மட்டும் முன்பே முடித்துவிட வேண்டும்.