மூன்று சைட், ஒரே கொத்தனார் செட்: எப்படிப் பிரிப்பது?

ஒரு வீடு மட்டும் கட்டும்வரை ஆள் கணக்கு பெரிய விஷயமில்லை. மூன்று சைட் சேர்ந்து ஓடும்போதுதான் சனிக்கிழமை சம்பளம் போடும்போது இடிக்கும். ஆடி முடிந்ததும் எல்லோரும் பூமி பூஜை போடுகிறார்கள். எல்லோருக்கும் தையில் பால் காய்ச்ச வேண்டும். அதனால் மூன்று வீடும் ஒரே கட்டத்தில் வந்து நின்று ஆள் கேட்கும்.

சைட்டுக்கு ஒரு செட், அதாவது ஒரு மேஸ்திரியும் அவர் ஆட்களும், என்று நிரந்தரமாகப் போட்டுவிடலாம். தாமதம் என்றால் எந்த மேஸ்திரியைக் கேட்பது என்பதில் குழப்பமில்லை. பூச்சு வேலைக்கு இதை விட்டால் வேறு வழியே கிடையாது. பாதிச் சுவரில் கை மாறினால் சாய்வெயிலில் ஒட்டு தெரிந்துவிடும். ஆனால் ரூஃப் கான்கிரீட் போட்டு, அதைக் கீழிருந்து தாங்கும் முட்டு நிற்கும் நாட்களில் உள்ளே பூச முடியாது. அந்த செட்டை அனுப்பினால் வேறு மேஸ்திரி பிடித்துக்கொள்வார், வைத்திருந்தால் தண்டக் கூலி.

சரி, ஒரே செட்டைச் சுற்றவிட்டால்? நோட்டில் எழுதிப் பார்த்தால் ஒருவர்கூட சும்மா இருக்கமாட்டார். நான் ஒரு வருடம் செய்தேன். ஒரு சைட்டில் மணல் லோடு ஒரு நாள் தவறியதற்கு மூன்று வீட்டிலும் தேதி தள்ளிப்போனது. சாரம் அவிழ்த்து, சாமான் ஏற்றி இறக்கியதிலேயே ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாள் காலி. கடைசியில் எந்த வீட்டுக்காரர் போனில் சத்தம் போட்டாரோ அங்கேதான் ஆள் போனது.

சதுர அடி ரேட்டில் லேபர் கான்ட்ராக்ட் விட்டால் செலவு முன்கூட்டியே தெரியும். ஆனால் அந்த கான்ட்ராக்டருக்கும் நாலு சைட் இருக்கும். அவர் ஆளை எடுப்பது நம் சைட்டிலிருந்துதான்.

இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது நான் கொத்தனாரை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் இழுத்துப் பிடித்தது சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் ஷீட்டும் முட்டும். முட்டு பிரிக்க கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சம்: 4.5 மீட்டர் ஸ்பான் (தாங்கல்களுக்கு இடையிலான தூரம்) வரை ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. அதுவும் சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு. நாம் வீட்டுக்கு வாங்குவது பெரும்பாலும் பி.பி.சி., சாம்பல் கலந்த, மெதுவாக வலுப்பெறும் சிமெண்ட், அதனால் 7 நாளில் நான் கை வைப்பதே இல்லை. ஷீட் அடித்து கம்பி கட்ட ஒரு வாரம், கான்கிரீட்டுக்கு அப்புறம் இரண்டு வாரம். ஒரு செட் ஷீட் ஒரு ரூஃபில் 3 வாரம் மாட்டிக்கொள்கிறது, மூன்று வீட்டுக்கு 9 வாரம். ஐம்பது கொத்தனாரை இறக்கினாலும் இதில் ஒரு நாள் குறையாது. இன்னொரு செட் ஷீட் வாடகைக்கு எடுத்தால் 6 வாரமாகும்.

இப்போது முதலில் ரூஃப் தேதிகளைத்தான் எழுதுகிறேன். கட்டு வேலை வரை ஒரே செட் சுற்றுகிறது: முதல் வீட்டில் முட்டு நிற்கும்போது இரண்டாவதில் சுவர் ஏறும். பூச்சு தொடங்கிவிட்டால் ஆள் அந்த சைட்டை விட்டு நகரக்கூடாது. காம்பவுண்டு சுவர் மட்டும் கான்ட்ராக்ட். திருவிழா, கல்யாணம் என்று போவார்கள், அதற்காக ஒரு கொத்தனாரையும் இரண்டு சித்தாளையும் கழித்துவிட்டே கணக்குப் போடுகிறேன்.

மூன்றாவது வீட்டுக்காரரிடம் ரூஃப் தள்ளித்தான் வரும் என்று பூஜைக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். போன ஆவணியில் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு வேறு இன்ஜினியரைப் பார்த்துக்கொண்டார்.