ஃப்ளோரன்ஸ் என்று போட்டிருந்தது, படுத்தது மொன்டெகாட்டினியில்

இத்தாலிக்கு ஏஜென்ட் மூலமாகப் போக நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 மே 12 முதல் 25 வரை நாங்கள் நாலு பேர் போய்வந்தோம். நான், மனைவி, எழுபது வயது அம்மா, பிளஸ் ஒன் முடித்த மகள். மிலானில் 2 இரவு, வெனிஸில் 3, ஃப்ளோரன்ஸில் 3, நேப்பிள்ஸில் 2, ரோமில் 3. ஃப்ளைட் டிக்கெட் நானே போட்டுவிட்டேன். ஹோட்டல், ரயில், டிக்கெட்டுகள், விசா வேலை எல்லாம் கோவையில் ஒரு ஏஜென்டிடம் கொடுத்தேன். 6,80,000 ரூபாய், அதன் மேல் வரி தனி. "கஸ்டமைஸ்டு பேக்கேஜ் சார். குரூப்போட ஓட வேண்டியதில்ல. எல்லாமே ஃபோர் ஸ்டார், சென்ட்ரல் லொக்கேஷன்" என்றார். அதில் குரூப்போடு ஓட வேண்டியதில்லை என்பது மட்டும் உண்மை. நாங்களே தனியாக ஓடினோம்.

பெயர் போடவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, அதனால்தான்.

முதலில் மிலான். ரூம் சுத்தமாக இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஹோட்டல் இருந்தது மல்பென்சா விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து மிலான் ஊருக்குள் போக 50 கிலோமீட்டர். ஊட்டியில் ரூம் என்று சொல்லி மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்ட மாதிரி, தூரமும் ஏறக்குறைய அதேதான். வந்த களைப்பில் முதல் நாள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை ரயிலில் போய், அதே ரயிலில் சாயங்காலம் திரும்பினோம்.

அந்த மறுநாள் திட்டத்தில் "லாஸ்ட் சப்பர் விசிட்" என்று இருந்தது. லியோனார்டோ டா வின்சி வரைந்த அந்த ஓவியம் சாந்தா மரியா டெல்லே கிராட்சியே மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கிறது. ஒரு தடவைக்குச் சில பேரைத்தான் உள்ளே விடுவார்கள், அதுவும் 15 நிமிடம். டிக்கெட் வாரக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும். எங்களிடம் டிக்கெட்டே இல்லை. போன் போட்டால், "சார், விசிட்னா சர்ச் விசிட். என்ட்ரி இன்க்ளூட் ஆகல" என்கிறார். சர்ச்சுக்குள் போக யாருக்கும் டிக்கெட் தேவையில்லை, அது சும்மாவே திறந்திருக்கிறது. மகள் ஒரு வருடமாக அந்த ஓவியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள். அன்று அவள் பேசவே இல்லை.

இந்தத் தொழிலில் 'விசிட்' வேறு, 'என்ட்ரி' வேறு, 'போட்டோ ஸ்டாப்' வேறு. எல்லாம் ஒன்றுதான் என்று நாம் நினைத்துக்கொள்வோம். நினைத்துக்கொள்ளட்டும் என்று அவர்கள் விட்டுவிடுவார்கள்.

வெனிஸ் ஹோட்டல் மெஸ்ட்ரேயில். தீவில் இல்லை, கரையில். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ரயில் சாந்தா லூச்சியா ஸ்டேஷனில் விட்டுவிடும், தெரிந்தே அங்கே தங்குகிறவர்கள் நிறையப் பேர். இங்கே கோபம் ஹோட்டல் மேல் இல்லை. ஏஜென்ட் பில்லில் "வெனிஸ் என்ட்ரி ஃபீ" என்று ஒரு வரி இருந்தது: ஆளுக்கு நாளைக்கு 10 யூரோ, நாலு பேர், மூன்று நாள், 120 யூரோ. யூரோவுக்கு 95 ரூபாய் என்று அவரே ஒரு ரேட் போட்டு 11,400 ரூபாய் வாங்கியிருந்தார். அப்படியொரு கட்டணம் உண்மையிலேயே இருக்கிறது. 2024 ஏப்ரல் 25இல் தொடங்கினார்கள். ஆனால் அது பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்களுக்கு, அதுவும் அறிவித்த நாட்களில் மட்டும். நாங்கள் போன சமயத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு. நாங்கள் போய் இறங்கியது புதன்கிழமை. அதைவிட முக்கியம், வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. விலக்குக்குப் பதிவு மட்டும் செய்துகொள்ள வேண்டும், ரிசப்ஷனில் இருந்த பையனே ஐந்து நிமிடத்தில் செய்து கொடுத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெஸ்ட்ரேயும் அதே நகராட்சியில்தான் வருகிறது. ஆக, ஹோட்டல் வெனிஸில் இருக்கிறது என்று ஏஜென்ட் சொன்னது சட்டப்படி பொய் இல்லை. அது பொய்யாக இருந்திருந்தால்தான் அந்த 120 யூரோவில் கொஞ்சமாவது நியாயம் இருந்திருக்கும்.

அப்புறம் ஃப்ளோரன்ஸ். சனிக்கிழமை மத்தியானம் சாந்தா மரியா நொவெல்லா ஸ்டேஷனில் நாலு பெட்டியோடு இறங்கினோம். விசா ஃபைலில் இருந்த ஹோட்டல் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிப்ரவரியிலேயே அதை மேப்பில் குறித்து வைத்திருந்தேன், அதனால் நேராக அங்கே போனோம். ரிசப்ஷனில் ஒரு வயதான அம்மா, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். என் தாளை வாங்கினார், கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினார், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பி ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். என் பெயர் சரியாக இருந்தது. பக்கத்தில் "கான்செல்லாத்தா", அதாவது ரத்து, அதற்குப் பக்கத்தில் மார்ச் மாதத்து ஒரு தேதி. பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். விசா ஒட்டி வந்ததற்கு மறுநாள்.

எப்படி நடந்தது என்று அங்கேயே நின்றபடி எனக்குப் புரிந்துவிட்டது. ஷெங்கன் விசாவுக்கு ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடம் காட்ட வேண்டும். இலவசமாக ரத்து செய்துகொள்ளக்கூடிய நல்ல ஹோட்டல்களைப் பணம் கட்டாமல் பதிவு செய்து, அந்தத் தாளை ஃபைலில் வைத்து, நமக்கும் அதையே காட்டுகிறார்கள். விசா வந்ததும் ரத்து. அப்புறம் சல்லிசாக எங்கே கிடைக்கிறதோ அங்கே போடுகிறார்கள். புது வவுச்சர்கள் எங்களுக்கு வந்தது விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் ராத்திரி, வாட்ஸ்அப்பில், 23 பக்க பிடிஎஃப் ஆக. பெட்டி கட்டுகிற அவசரத்தில் நான் அதைத் திறந்து தலைப்புகளை மட்டும் பார்த்தேன். "ஃப்ளோரன்ஸ், 3 இரவு, ஃபோர் ஸ்டார் ஆர் சிமிலர்." என் தப்பும் இதில் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை.

ஹோட்டல் லாபியில் நின்று அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். முகவரி: மொன்டெகாட்டினி தெர்மே. வெந்நீர் ஊற்றுக்குப் பேர் போன பழைய ஊர், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில்கூடச் சேர்ந்தது. நல்ல ஊர்தான், ஆனால் ஃப்ளோரன்ஸ் இல்லை. ரயிலில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல். குரூப் டூர்கள் பல அங்கேதான் தங்கவைக்கும் என்று பிறகு தெரிந்தது. அந்த ரிசப்ஷன் அம்மா என் அம்மாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வண்டி இதே ஸ்டேஷனிலிருந்துதான் கிளம்பும் என்று தாளில் நேரம் எழுதிக் கொடுத்தார். பதினான்கு நாளில் எங்களுக்கு உருப்படியாக உதவி செய்தவர்களில் அவர் முதல் ஆள், எங்களிடம் பத்துப் பைசா வாங்காதவர்.

ஒவ்வொரு ஹோட்டலுக்கும் உங்கள் சொந்த மெயிலிலிருந்து ஒரு வரி எழுதுங்கள்: இந்தப் பெயரில், இந்தத் தேதிக்குப் பதிவு இருக்கிறதா, பணம் கட்டியாகிவிட்டதா. விசா வந்த பிறகு ஒருமுறை, கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் ஒருமுறை. இத்தாலி ஹோட்டல்கள் பதில் போடுகிறார்கள். வவுச்சரில் ஏஜென்ட் தன் லோகோவோடு அச்சடித்திருக்கும் எண் ஹோட்டல் கொடுத்த எண்தானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். "ஆர் சிமிலர்" என்று எங்கே பார்த்தாலும் அடித்துவிட்டு, ஹோட்டல் பெயரும் தெருப் பெயரும் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

ஃப்ளோரன்ஸ் கதை இன்னும் முடியவில்லை. உஃபிட்சி ஓவியக் கூடமும், மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை நிற்கும் அக்காதேமியா அருங்காட்சியகமும் திட்டத்தில் திங்கட்கிழமைக்குப் போடப்பட்டிருந்தன. இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. இதைக் கண்டுபிடிக்க இத்தாலி போக வேண்டியதில்லை, அவர்கள் வலைத்தளத்திலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நேப்பிள்ஸ் ரயில். கடைசியில் சின்யோரியா சதுக்கத்தில் வெயிலில் நிற்கும் டேவிட் நகலைப் பார்த்தோம். அதன் முன்னால் மகளைப் போட்டோ எடுத்தேன், சிரிக்கச் சொல்லவில்லை.

அன்று சாப்பிட்ட கடையில் பில்லில் "கோபெர்தோ" என்று ஆளுக்கு 2.50 யூரோ இருந்தது. மேஜைக்கு, தட்டுக்கு, ரொட்டிக்கு என்று வாங்குவது. ஏமாற்று இல்லை, மெனுவில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அம்மாவுக்கு விளக்கினேன். "ஏஞ்சாமி, தட்டுக்கும் வாடகையா?" என்றார். கல்யாணப் பாத்திரக் கடை மாதிரி என்று மனைவி சொல்ல, அன்றைக்கு முதல் தடவையாக எல்லோரும் சிரித்தோம். இன்னொன்று: மொன்டெகாட்டினி மாதிரி ஊர்களுக்குப் போகும் ரீஜனல் ரயிலில் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம். எங்களுக்கு இதைச் சொன்னது பக்கத்தில் நின்ற ஒரு காலேஜ் பெண். ஏஜென்ட் இல்லை.

நேப்பிள்ஸில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஹோட்டல் சொன்ன இடத்தில் இருந்தது, பொம்பேயி போய்வந்தோம், பீட்சா பிரமாதம்.

ரோமில் ஹோட்டல் நகரத்தைச் சுற்றிப் போகும் வட்டச் சாலைக்கும் வெளியே. பஸ் பிடித்து, அனாஞ்ஞினா மெட்ரோவில் ஏறி, அப்புறம்தான் ஊர். இதற்குள் எங்களுக்குப் பழகிவிட்டது. அங்கே கவுன்டரில் தங்கும் வரி கேட்டார்கள். இத்தாலியில் பெரும்பாலான ஊர்களில் ஒரு இரவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், "எல்லாம் அடக்கம்" என்று ஏஜென்ட் சொன்னாலும் இது பொதுவாக அங்கே போய்க் கட்டுவதுதான். நாலு பேருக்கு மூன்று இரவுக்கு 72 யூரோ. ரசீது கொடுத்தார்கள். ஆளுக்கு 6 யூரோ. ரோமில் இந்த வரி ஹோட்டலின் நட்சத்திரத்தைப் பொறுத்தது, 3 நட்சத்திரத்துக்கு 6, 4 நட்சத்திரத்துக்கு 7.50. மகள்தான் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்துச் சொன்னாள்: "அப்பா, நாம ஃபோர் ஸ்டார்ல இல்ல." அந்த ரசீதைப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

கொலோசியம்தான் கடைசி. வரிசையில் நிற்காமல் உள்ளே போகும் "ஸ்கிப் த லைன்" டிக்கெட் என்று ஆளுக்கு 65 யூரோ கணக்கில் வாங்கியிருந்தார். அதிகாரபூர்வ சாதாரண டிக்கெட் 18 யூரோ, பக்கத்தில் இருக்கும் பழைய ரோமின் இடிபாடுகளான ஃபோரமும் பலட்டைன் குன்றும் சேர்த்து. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நுழைவு இலவசம், மகளுக்கும் 65 வாங்கியிருக்கிறார். மெட்ரோ வாசலில் ஒரு ஆள் வந்து நாலு தாளைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். 2023 அக்டோபரிலிருந்து இந்த டிக்கெட்டில் பெயர் போடுகிறார்கள், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். எங்கள் தாள்களில் இருந்த பெயர்கள் எங்கள் நாக்கில் நுழையவே இல்லை. காவலர் தாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், முடியாது என்று தலையை ஆட்டினார். அம்மா சேலையில் இருந்தார்.

அங்கே டிக்கெட் பதுக்கல் எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு, இத்தாலியின் போட்டி ஆணையம் நாங்கள் போவதற்கு முந்தின மாதம்தான் டிக்கெட் விற்ற அமைப்புக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் போட்டிருந்தது. அதிகாரபூர்வத் தளத்தில் 30 நாளுக்கு முன் விற்பனை திறக்கும். நீங்களே உட்கார்ந்து, உங்கள் பெயரில், பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்களோடு போடுங்கள்.

ஊர் திரும்பிக் கேட்டால், முதல் வாரம் "பார்க்கறேன் சார்", இரண்டாவது வாரம் போன் எடுக்கவில்லை. ஜூலையில் வருமான வரிக் கணக்குக்காக, நம் பான் எண்ணில் பிடித்த வரியெல்லாம் பதிவாகும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டிய வரி) என்று 5 சதவீதம், 34,000 ரூபாய், ஜனவரியில் வாங்கியிருந்தார். என் பான் எண்ணில் அது ஏறவே இல்லை. கேட்டால் "ஆடிட்டர் ஊர்ல இல்லீங்க சார்." வருமான வரித்துறைக்கு எழுதப் போகிறேன் என்று ஒரே ஒரு மெசேஜ் போட்டேன். நாலாம் நாள் 34,000 என் கணக்குக்கு வந்தது. வெனிஸ் கட்டணம் 11,400ம் கூடவே வந்தது. ஹோட்டல் பற்றி மட்டும், "சிமிலர்னு போட்டிருக்கோம் சார்."

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன், பொறுமையாகக் கேட்டார்கள், ஏஜென்ட் பதில் போடவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய். வக்கீல் வைக்கவில்லை. பில், இரண்டு செட் வவுச்சர், யாரோ நாலு பேரின் கொலோசியம் டிக்கெட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலே, ஆவணம் ஒன்று என்று எண் போட்டு வைத்திருப்பது அந்த 72 யூரோ ரசீது.