வேலூர் வெயிலுக்கு எந்த கிரேடு ஆயில்? புல்லட்டிலும் காரிலும் ஓட்டிப் பார்த்தது

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் ஒரே பேச்சுதான்: "சார், வெயிலுக்குக் கெட்டி ஆயிலா ஊத்திக்கோங்க." கத்திரியில் 42 டிகிரி தொடும் ஊரில் இது நியாயமாகத்தான் தோன்றும். என்னிடம் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 (எங்கள் பேச்சில் புல்லட்), இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் பழைய யுசிஇ இன்ஜின் வண்டி, ஒன்று. பெட்ரோல் கார் ஒன்று. சில கோடைகளாக இரண்டையும் ஓட்டியதில் சொல்கிறேன்: அந்த யோசனை புல்லட்டுக்குப் பாதி சரி, காருக்குத் தேவையே இல்லை.

காரை முதலில் முடித்துவிடலாம். மேனுவலில் 5டபிள்யூ-30 கிரேடு என்று இருக்கிறது (எண்களின் அர்த்தத்தைப் பிறகு சொல்கிறேன்), அதையேதான் ஊற்றுகிறேன். தண்ணீரில் குளிரும் இன்ஜின் அது. வெளியே 28 டிகிரியோ 42 டிகிரியோ, தெர்மோஸ்டாட்டும் ஃபேனும் சேர்ந்து கூலன்டை 90 டிகிரி வாக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். மே மாத மதியத்தில் ஏசி போட்டுச் சென்னை வரை போனபோதும் டெம்பரேச்சர் முள் நகரவில்லை. அப்புறம் எதற்குக் கெட்டி ஆயில்? இந்தக் கால இன்ஜின்களில் இடைவெளிகள் நுணுக்கமானவை, வால்வு டைமிங்கை மாற்றுவதே ஆயில் பிரஷர்தான். 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி ஆயில் ஊற்றினால் மைலேஜ் குறையும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும்.

புல்லட் கதை வேறு. காற்றில் குளிரும் இன்ஜின், காற்றோட்டம் நின்றால் சூடு ஏறிக்கொண்டே போகும். கிரீன் சர்க்கிளில் மதியம் சிக்னலுக்கு நின்றால் தொடையில் அனல் அடிக்கும். போதாக்குறைக்கு இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில். கம்பெனி சொல்வது 15டபிள்யூ-50. ஒரு கோடையில் வேண்டுமென்றே 10டபிள்யூ-40 ஊற்றிப் பார்த்தேன். காலையில் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது, ஆக்சிலரேட்டர் லேசாக இருந்தது. நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்க உதவும் பாகம்) பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம். இந்த இன்ஜினில் டேப்பட்டும் ஆயில் பிரஷரில் வேலை செய்வது. நின்ற இடத்தில் நியூட்ரல் விழ மறுத்தது. மறுபடி 15டபிள்யூ-50 ஊற்றியதும் சத்தம் அடங்கியது.

டப்பாவில் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதன் அளவு அது: 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு), 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள். 'டபிள்யூ'வுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. 20டபிள்யூ-வைச் சோதிப்பதே மைனஸ் 15 டிகிரியில்; வேலூரின் மார்கழி அதன் பக்கத்தில்கூட வராது. அதனால் புல்லட்டில் 20டபிள்யூ-50 ஊற்றினாலும் ஸ்டார்ட்டிங் தொல்லை ஒன்றும் வரவில்லை. முதல் சில நிமிடம் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். ஆனால் சூடான பிறகு 15டபிள்யூ-50-ஐ விட அது கெட்டி என்று பலர் நம்புகிறார்கள். இரண்டும் 50-தான்.

கிரேடைவிடப் பெரிய வித்தியாசம் தந்தது மினரலா (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தது) சிந்தெட்டிக்கா (ரசாயன முறையில் தயாரித்தது) என்பது. இப்படி இரண்டு எண் போட்ட மல்டிகிரேடு ஆயிலைச் சூட்டிலும் கெட்டியாக வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் பாலிமர்; கியர் பற்கள் அதை அரைத்து அரைத்து நறுக்கிவிடும். மினரல் 15டபிள்யூ-50 ஊற்றிய கோடையில், ஆயில் மாற்றும் நாள் வருவதற்கு வெகுமுன்பே கியர் இறுக ஆரம்பித்தது. ஃபுல் சிந்தெட்டிக்கில் அந்த இறுக்கம் கடைசிப் பக்கம்தான் தெரிகிறது. காசு அதிகம், ஆனால் கோடையில் தினமும் நெரிசலில் ஓட்டினால் கொடுக்கலாம். பைக்குக்கு வாங்கும்போது ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை (கிளட்ச் ஆயிலில் நனைந்து ஓடும் பைக்குகளுக்கான தரக் குறி) இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சமிருக்கும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு. காலி டப்பாவையும் ஒரு ஓட்டை போட்டே கடையில் விட்டு வருகிறேன், போலிக்காரன் கைக்குப் போகக் கூடாது.

வெயில் நாளில் நான் தவறாமல் பார்ப்பது ஆயில் லெவல். சூட்டில் ஆயில் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் எரியும். புல்லட்டை நேராக நிறுத்தி, இன்ஜினில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும்.

கெட்டி ஆயில் நிஜமாகவே உதவியது மாமாவின் பழைய காரில்தான். லட்சம் கிலோமீட்டர் தாண்டி, ரிங் தேய்ந்து, ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. 30-லிருந்து 40-க்கு ஏற்றியதும் டாப்-அப் செய்வது குறைந்தது. அதுவும் வெயிலுக்காக இல்லை, தேய்மானத்துக்காக.