ஏழு வருடம், ஒரே குறோம்: பழைய படிவம் கொடுத்த பாடு

மாங்குளம் சந்திக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பி, பிரிண்ட், ஒன்லைன் விண்ணப்பம் என்று ஓடும் சின்னக் கடை என்னுடையது. ஏழு வருடமாக அதே டெஸ்க்டொப், இணையம் பார்க்க அதே குறோம் உலாவி. வேகத்தில் குறை சொல்ல மாட்டேன். குறோமின் ஞாபகசக்திதான் என்னைப் படுத்தியது.

ஒருமுறை ஒட்டுசுட்டானில் இருந்து வந்த ஒரு அண்ணைக்கு வேலை விண்ணப்பப் படிவம் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அதே தாளோடு வந்து நின்றார். "தம்பி, இது பழைய ஃபோமாம். புதுசு போட்டிருக்கினமாம்." திறந்து பார்த்தேன், பழையதுதான் வந்தது. என் ஃபோனில் திறந்தால் புதியது! திருத்திய பீடிஎஃப்பை அதே பெயரில், அதே முகவரியில் ஏற்றியிருக்கிறார்கள். குறோம் முன்பு சேமித்து வைத்த பிரதியை, அதாவது கேஷில் கிடந்ததை, எடுத்து நீட்டிவிட்டது. அவருடைய பஸ் காசை நான்தான் கொடுத்தேன்.

குறோமை மட்டும் திட்டவும் முடியாது. ஒரு கோப்பை எத்தனை விநாடிக்கு வைத்திருக்கலாம் என்று தளமே சொல்லி அனுப்பும். 31536000 என்று போட்டால் ஒரு வருடம். அதுவரை புதியது வந்ததா என்று உலாவி கேட்கவே தேவையில்லை. டேட்டா மிச்சம் என்பதும் உண்மைதான். சிக்னல் இழுக்கும் நாளில் அந்தக் கேஷ்தான் கடையை ஓட்டுகிறது.

அன்று நான் ஏமாந்த இடம் வேறு. படிவ இணைப்பு இருந்த பக்கத்தில் கன்ட்ரோல், எஃப்5 இரண்டையும் சேர்த்து அமத்தினேன். பக்கம் புதிதாக வந்தது, படிவம் வரவில்லை. பீடிஎஃப்பைத் தனி டாபில் திறந்து அங்கே அமத்த வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் எஃப்12 அடித்து, டெவலப்பர் டூல்ஸ் என்ற பகுதி திறந்திருக்கும்போதே ரிலோட் பொத்தானை ரைட் கிளிக் செய்தால் கேஷை வெறுமையாக்கி ஏற்றும் தெரிவு வரும்.

பிழை என் கணினியிலா, தளத்திலா என்று பார்க்க இன்கொக்னிட்டோ, அதாவது பழைய கேஷைத் தொடாத தனி ஜன்னல், போதும். முன்பு திறந்த இன்கொக்னிட்டோ ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டுத் திறக்க வேண்டும். அதிலும் பழையதே வந்தால் பெரும்பாலும் தளத்தில்தான் கோளாறு, நாங்கள் மாரடித்துப் பயனில்லை.

தொடக்கத்தில் எதற்கெடுத்தாலும் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். நாங்கள் யார் என்று தளம் நினைவில் வைக்க உலாவியில் போட்டு வைக்கும் குறிப்பான குக்கியும் சேர்ந்து போய், திறந்திருந்த கணக்கெல்லாம் லொக்அவுட் ஆகும். வரிசையில் நிற்கிற சனத்தின் முகத்தைப் பார்க்க முடியாது. இப்போது அந்தத் தளத்தின் தரவை மட்டும் அழிக்கிறேன். '400' என்று காட்டி, குக்கி பெரிதாகிவிட்டது என்று சொல்லும் பிழைக்கும் அதுவே போதும்.

ஒருநாள் கரண்ட் போய் வந்த பிறகு எந்தத் தளமும் பாதுகாப்பில்லை என்றது குறோம். மூன்று தரம் கேஷ் அழித்த பிறகுதான் மூலையில் இருந்த திகதியைப் பார்த்தேன், பல வருடம் பின்னே நின்றது. திகதி பிழைத்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழும் செல்லாது என்றுதான் குறோம் நினைக்கும். கரண்ட் இல்லாதபோதும் நேரத்தைப் பிடித்து வைக்கிற, மதர்போர்டில் இருக்கிற காசு மாதிரியான பற்றரி செத்திருந்தது. அப்பாவி குறோம்!

ஒட்டுசுட்டான் அண்ணை போன மாதமும் வந்தார். மவுஸைத் தொடுவதற்கு முன்பே சொன்னார்: "அந்த எஃப் ஐஞ்சை ஒருக்கா அமத்திப்போட்டு எடும் தம்பி."