ஒப்புதல் பட்டையைத் தானே மொழிபெயர்க்கும் செருகுநிரல்: பாம்பன் விடுதியிலிருந்து ஒரு மதிப்பீடு

பாம்பனில் நாங்கள் நடத்தும் விடுதியின் இணையதளத்தை இராமேசுவரம் வரும் வடமாநில யாத்ரிகர்களும் வெளிநாட்டுப் பயணிகளும் பார்ப்பதால், குக்கிகளுக்கு (தளம் பயனரின் உலாவியில் சேமித்து வைக்கும் சிறு கோப்புகள்) அனுமதி கேட்கும் ஒப்புதல் பட்டையைத் தானாக மொழிபெயர்க்கும் செருகுநிரல் (plugin) ஒன்றைக் கட்டணம் செலுத்தி நிறுவினோம். உலாவியில் பயனர் தேர்ந்து வைத்திருக்கும் மொழியைப் பார்த்து, பட்டை இந்திக்கோ தெலுங்குக்கோ ஜெர்மனுக்கோ மாறிவிடுகிறது. அந்த மொழி இல்லையென்றால் ஆங்கிலத்தில் வருகிறது. அதுவரை குறையில்லை.

தமிழில்தான் சிக்கல். வரிகள் நீண்டுவிடுவதால், சிறிய கைப்பேசித் திரையில் 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்ற பொத்தான் பளிச்சென்று தெரிய, 'நிராகரிக்கிறேன்' என்பது திரைக்குக் கீழே போய்விடுகிறது. ஏற்பதைப் போலவே மறுப்பதும் எளிதாக இருக்க வேண்டும் என்று பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வலியுறுத்தும்போது, இதை வெறும் அழகுக் குறை என்று ஒதுக்க முடியாது. எழுத்தளவைக் குறைத்து, பொத்தான்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த பிறகே சரியானது.

இதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு குக்கியும் எதற்கு, எத்தனை நாள் இருக்கும் என்று சொல்லும் விவரப் பட்டியல் ஆங்கிலத்திலேயே கிடப்பதுதான். படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய பகுதியே அதுதானே! ஒப்புதல் கோரிக்கையை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தமிழிலும் இந்தியிலும் அப்பட்டியலை நாங்களே நிரப்பினோம். (நல்லவேளையாக, அடுத்த புதுப்பிப்பு அதை அழிக்கவில்லை.)

பல மொழி விருந்தினர் வரும் தளங்கள் இதை வாங்கலாம். தமிழும் ஆங்கிலமும் போதும் என்பவர்களுக்கு இரண்டு பட்டைகளைக் கையால் எழுதிக்கொள்வதே மலிவு.