முத்தையன்கட்டுப் பூசணித் தோட்டம்: விடியலில் போங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தில், முத்தையன்கட்டுக் குளத்தின் வலதுகரைப் பக்கத்தில், சிறுபோகப் பூசணி முற்றும் காலத்தில் மட்டும் வெளியாட்களை உள்ளே விடும் ஒரு குடும்பத் தோட்டம் இருக்கிறது. பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிப்பிக்கும் எங்களுக்கு, விஞ்ஞானப் புத்தகத்தில் படமாகக் கிடப்பதை மண்ணில் காட்டக்கூடிய இடம் எதுவானாலும் வகுப்பறைதான். அந்த வகையில் இதனை நல்ல தோட்டமென்று தயங்காமல் சொல்வேன். ஆனால் தோட்டக்காரர் தொலைபேசியில் சொல்லும் நேரத்துக்குப் போக வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அவர்கள் வரச்சொல்வது காலை பத்து மணிக்கு. பூசணிப்பூ விடியலில் விரிந்து, வெயில் ஏற ஏறச் சுருங்கி, மதியத்துக்கு முன்பே மூடிவிடும். முந்தைய இரவு ஒட்டுசுட்டானில் உறவினர் வீட்டில் தங்கியிருந்ததால், நாங்கள் முன்கூட்டியே கேட்டு வெள்ளாப்போடு போய்விட்டோம். பிந்தி விதைத்த பாத்திகளில் அப்போதுதான் பூக்கள் முழுதாக விரிந்திருந்தன. பத்து மணிக்கு வந்த இன்னொரு குடும்பத்துப் பிள்ளைகள் கண்டதெல்லாம் முறுக்கிய மஞ்சள் திரிகள்தான்; பெரியவர்கள் அதனை வாடல் நோய் என்றே நினைத்தார்கள்.

பூவைப் பற்றிய பாடத்தை நடத்தியவர் தோட்டக்காரரின் மனைவி. ஒரே கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு என்று வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், நீண்ட மெல்லிய காம்பில் நின்ற ஒரு பூவையும், காம்புக்கும் இதழுக்கும் நடுவில் சுண்டைக்காய் அளவில் பச்சைக் குமிழ் வைத்திருந்த ஒரு பூவையும் அருகருகே காட்டி, எது காய்க்கும் என்று பிள்ளைகளையே கேட்டார். பிறகு ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் நின்ற மகரந்தத் தண்டைப் பெண்பூவின் சூலகமுடியில் மெதுவாகத் தடவினார். தேனீ குறைந்த நாட்களில் இப்படித்தான் செய்வார்களாம். என் மகளின் விரல் நுனி மஞ்சளாகியது. அடுத்த பூவை அவளே செய்தாள். "பள்ளிக்கூட நாளில பிள்ளையள் இங்க நிக்குதுகள், என்ன லீவோ?" என்று அதற்குப் பிறகுதான் அவர் கேட்டார். வீட்டில் படிப்பிக்கிறோம் என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இண்டைக்கு நான்தான் ரீச்சர்" என்றார்.

முற்றிய பாத்திகளில் தோட்டக்காரர் பொறுப்பேற்றார். காம்பு பச்சை மாறிக் கட்டைபோல் காய்ந்திருக்க வேண்டும், தோலில் நகம் இறங்கக் கூடாது, தட்டினால் வெற்றொலி கேட்க வேண்டும் என்ற மூன்று சோதனைகளையும் பிள்ளைகள் காய்க்குக் காய் செய்து பார்த்தார்கள். வெட்டும்போது காம்பில் ஒரு துண்டை விட்டே வெட்டுகிறார்கள். மகன் ஒரு காயைக் காம்பில் பிடித்துத் தூக்கப்போக, "தம்பி, காம்பில பிடியாதேங்கோ, கழண்டா அதால அழுகத் தொடங்கியிடும்" என்று அவர் ஓடிவந்தார். கறுத்த புள்ளியோடு வெம்பிக் கிடந்த பிஞ்சொன்றைப் பிளந்து, பழ ஈயின் வெள்ளைப் புழுக்கள் நெளிவதையும் காட்டினார். நல்லதை மட்டும் காட்டி அனுப்பாத இந்தக் குணத்துக்காகவே அவருக்கு ஒரு புள்ளி கூடப் போடலாம்.

எனக்குப் பிடித்த இடம், காய்களை அடுக்கியிருந்த கிடுகுக் கொட்டில். கையால் தூக்கி எடையை மதிப்பிடுவது, பிறகு தராசில் நிறுத்துப் பார்ப்பது, வித்தியாசத்தைக் கொப்பியில் எழுதுவது என்று கணிதம் தானாகவே நடந்தது. அதைவிட, எல்லோரும் ஒரே நேரத்தில் வெட்டினால் தம்புள்ளைச் சந்தையில் விலை விழும் என்பதையும், முற்றிய காயைக் காற்றோட்டமான நிழலில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம் என்பதால் விலை ஏறும்வரை காத்திருக்கலாம் என்பதையும் அவர் விளக்கியபோது, பொருளியல் பாடமும் அங்கேயே முடிந்தது. கனடாவில் இருக்கும் சித்தி ஒக்டோபரில் ஹலோவீனுக்கு அனுப்பும் படங்களில் பூசணிக்குக் கண்ணும் பல்லும் வெட்டியிருப்பதைப் பார்த்துப் பழகிய என் பிள்ளைகள், ஒரு காயின் விலைக்கு இத்தனை கணக்கு உண்டென்பதை எதிர்பார்க்கவில்லை.

லாண்ட்மாஸ்ரர் எனும் இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் வாய்க்கால் ஓரமாக ஒரு சுற்று கூட்டிப்போகிறார்கள். சிறுவர்களுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களின் இடுப்புக்கு ஆகாது. மதியச் சோறு, முன்பே சொல்லிவைத்தால் கிடைக்கும். சிவப்பரிசிச் சோறு, பூசணிக்காய்ப் பால்கறி, விரால் குழம்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. மலசலகூடம் வீட்டுக்காரர் பாவிக்கும் ஒன்றே ஒன்று, அதுவும் பாத்திகளிலிருந்து தூரம். மரநிழல் கொட்டிலைச் சுற்றி மட்டும்தான்; கைக்குழந்தையோடு வருவோர் வெயிலில் மாட்டிக்கொள்வார்கள். எனக்கு உண்மையில் ஏற்காதது யானைவேலி. யானைக்குப் பூசணி என்றால் உயிர், எனவே வேலி போட்டது நியாயமே. மின்சாரம் இரவில் மட்டும் ஓடுகிறது என்கிறார்கள். ஆனால் கம்பியில் ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லை, உள்ளே வந்ததும் யாரும் அதைப் பற்றிச் சொல்லவும் இல்லை. நாங்கள் கேட்டபின்தான் பதில் வந்தது. விடியலில் வரும் பார்வையாளர்களை ஏற்பதானால், வேலியை நிறுத்திவிட்டார்களா என்பதைப் படலையிலேயே சொல்வது அவர்களது கடமை.

கட்டணம் பெரியவருக்கு 300 ரூபா, பிள்ளைகளுக்குப் பாதி. வாங்கும் பூசணிக்கு நிறைப்படி தனியாகக் கொடுக்க வேண்டும். கிளிநொச்சியிலிருந்து வருவோர் ஏ9 வீதியால் மாங்குளம் வந்து, முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில் திரும்ப வேண்டும். வழியில் முறிகண்டியில் வாங்கும் கச்சான் மாங்குளம்வரை மிஞ்சாது. குளத்துப் பக்கம் உள்வீதி கிரவல். ஐப்பசி மழை தொடங்கினால் அது சேறாகிவிடும், தோட்டக்காரரும் பூசணியை விட்டுப் பெரும்போக நெல்லுக்குப் போய்விடுவார். எனவே புரட்டாசிக்குள், கிழமை நாளில், "ஆறரைக்கு வரலாமோ?" என்று முன்பே கேட்டுக்கொண்டு போங்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள்.