தேஜஸைக் காகிதத்தில் தேடிய வருஷங்கள்

எங்கள் லேத் பட்டறை சூலூர்ப் பக்கம், திருச்சி ரோட்டை ஒட்டி இருக்கிறது. விமானப்படைத் தளம் அருகில் என்பதால் தலைக்கு மேல் சத்தம் எங்களுக்குப் பழக்கம். 2020 மே 27 அன்று, ஊரடங்கு சமயத்தில், 18-வது ஸ்குவாட்ரன், நம் நாட்டிலேயே உருவாக்கிய தேஜஸ் போர் விமானங்களோடு இங்கே பணிக்கு வந்தது. 1971 போரில் பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல் ஜித் சிங் செகோனின் படைப்பிரிவு அது. ஆனால் பேக்கரியில் ஓடிய பேச்சு வேறு. "அத்தனையும் லடாக் போகுதாமாங்க" என்றார் ஒருவர். "யாருங்க சொன்னா?" என்றேன். "எல்லாருந்தான் சொல்றாங்க."

பட்டறையில் வாய்வார்த்தையாகச் சொன்ன அளவுக்கு நான் கடைசல் போடுவதில்லை, டிராயிங் கேட்பேன். விமான விஷயத்திலும் அப்படியே இருந்து பார்க்கலாம் என்று அன்றைக்கு ஒரு நோட்டுப் போட்டேன். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எனக்கு அதிகம் கைகொடுத்தது, அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கைதான். இலகு ரகப் போர் விமானமான தேஜஸ் பற்றி 2015-ல் நாடாளுமன்றத்தில் வைத்த 17-ம் எண் அறிக்கையை முழுதாகப் படிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. விமானப்படை கேட்டதில், தேஜஸின் முதல் ரகமான மார்க்-1 விமானத்தில் 53 குறைகள். அதில் 20 நிரந்தர விலக்கு, 33 தற்காலிகச் சலுகை. உள்நாட்டுப் பங்கு 70 சதவீதம் என்று மதிப்பிட்டிருந்தார்கள், தணிக்கையில் வந்ததோ சுமார் 35. நம் ஊர் விமானம் என்று பெருமைப்பட்ட எனக்கு அதைப் படித்தபோது மனசு கனத்தது. ஆனாலும் அந்த அறிக்கைமேல் மதிப்பு கூடியது. குற்றம் சொல்லும் இடத்திலேயே அமைச்சகத்தின் விளக்கத்தையும் போட்டு, அதை ஏன் ஏற்கவில்லை என்றும் எழுதுகிறார்கள். ஒன்று மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: அது 2015-ன் நிலவரம். முழுச் செயல்பாட்டு அனுமதி 2019 பிப்ரவரியில் வந்தது. அந்த 53-ஐ இன்றைய விமானத்தின் மேல் ஏற்றிப் பேசுவது நியாயமில்லை.

நாடாளுமன்றக் கேள்வி பதில்கள் சுருக்கமானவை, ஆனால் தேதியோடு கிடைக்கும். நாலு உட்கேள்விக்குச் சேர்த்து ஒரே பத்தியில் பதில் வரும்போது எரிச்சலாக இருக்கும். கேட்காததற்குப் பதில் வராது, அவ்வளவுதான்.

பணக் கணக்கில்தான் சண்டை அதிகம். அரசு வாங்க முடிவு செய்த 83 தேஜஸ் விமானங்களுக்கு 46,000 கோடியா, 48,000 கோடியா என்று என் மச்சானோடு ஒரு தீபாவளி முழுக்க வாதம். அப்புறம் 2021 ஜனவரி 13-ம் தேதி அரசு அறிவிப்பை எடுத்தோம். 73 போர் விமானம், 10 பயிற்சி விமானத்துக்கு 45,696 கோடி. கட்டமைப்புக்குத் தனியாக 1,202 கோடி. 48,000 என்பது பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டபோது செய்திகளில் வந்த முழு எண். சரி, தொகையைச் சொல்லும்போது எந்தத் தேதி, எது சேர்த்தது என்றும் சொல்ல வேண்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். தேஜஸைத் தயாரிக்கும் அரசு நிறுவனமான ஹெச்.ஏ.எல் 2018-ல் பங்குச்சந்தைக்கு வந்துவிட்டதால் பெரிய ஆர்டர்களை அங்கேயும் அறிவிக்கிறார்கள். ஒத்துப் பார்க்க வசதி.

தகவல் உரிமைச் சட்டமான ஆர்டிஐ-யில் எனக்குப் பலன் குறைவு. 10 ரூபாய் கட்டி ஓர் அலுவலகத்துக்குப் போட்ட மனு, பாதுகாப்புக் காரணம் என்று ஒரே வரியில் திரும்பியது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ, அந்தச் சட்டத்தில் விலக்குப் பெற்ற அமைப்புகளின் பட்டியலான இரண்டாம் அட்டவணையில் இருப்பதால், ஊழல், மனித உரிமை மீறல் தவிர மற்றவற்றுக்கு அங்கே கதவு மூடியதுதான். அதில் எனக்குக் குறை இல்லை. எந்த விமானம் எப்போது ஏறி இறங்குகிறது என்று நானும் குறிப்பதில்லை, தளத்துப் பக்கம் போனை எடுத்துப் படம் பிடிப்பதும் இல்லை. அரசு தானாக வெளியிட்டதைப் படித்து முடிக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

2025 செப்டம்பர் 25-ல் இன்னும் 97 விமானங்களுக்கு 62,370 கோடிக்கு மேல், வரி நீங்கலாக, ஒப்பந்தம் ஆனது. உள்நாட்டுப் பங்கு 64 சதவீதத்துக்கு மேல் என்கிறது அறிவிப்பு. அந்தப் பழைய 35-க்குப் பக்கத்தில் இதை நான் இன்னும் எழுதவில்லை. இரண்டையும் ஒரே முறையில் கணக்கிட்டார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். வழங்கத் தொடங்கும் வருஷம் 2027-28 என்று இருக்கிறது. முந்தைய 83-க்கு 2024 மார்ச் என்று பேனாவில் எழுதி, பிறகு அடிக்க வேண்டியதாயிற்று. இதைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.